கேட்கத் தெரிந்தவர்

அவருடைய பெயரை எழுதினால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "எழுதுங்கோ அண்ணாச்சி, போன் நம்பரையும் சேத்துப் போடுங்கோ, வயரிங் வேல ஏதாவது வந்தாலும் வரும்" என்பார். அதனால்தான் எழுதவில்லை. வெட்கப்படத் தெரியாத ஒருவரை அச்சில் ஏற்றி அவருக்கு இன்னொரு சந்தோஷத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை. இருக்கிற சந்தோஷமே அவரிடம் கொஞ்சம் அதிகம்.

தோவாளைக்குப் பக்கத்தில், எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தார். எலக்ட்ரீஷியன். இப்போது மார்த்தாண்டம் பக்கம் கடை போட்டு அங்கேயே போய்விட்டார். என்னைவிட எட்டு வயது இளையவர். அவருக்கு இருந்த விசேஷம் ஒன்றே ஒன்று. எதையும் யாரிடமும் கேட்டுவிடுவார்.

'நாகர்கோவில்' என்று கொட்டை எழுத்தில் பலகை மாட்டிய பஸ் வந்து நிற்கும். கண்டக்டரிடம், "இது நாகர்கோவில் போகுமா?" என்பார்.

"போர்டப் பாக்கல்லியா வேய்?"

"பாத்தேன். இருந்தாலும் நீங்க வாயால சொன்னா ஒரு சமாதானம்."

நான் அப்படி இல்லை. ஒருமுறை வேறு யோசனையில் பஸ் மாறி ஏறிவிட்டு, கேட்டால் அசிங்கம் என்று பூதப்பாண்டி வரைக்கும் போனேன். இறங்கி, அங்கிருந்த கோயிலுக்கென்றே புறப்பட்டு வந்தவனைப்போல இரண்டு சுற்று சுற்றி, நெற்றி நிறைய விபூதியோடு வீடு திரும்பினேன். என் பக்தியை மனைவி இரண்டு நாள் மெச்சினாள்.

எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஒருநாள் மக்கர் செய்தது. அவர் வந்து மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு என் மனைவியிடம், "அக்கா, இது எனக்குத் தெரியாது பாத்துக்கிடுங்கோ" என்றார். செல்போனில் யாரையோ கூப்பிட்டு, ஊருக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, "மக்கா, இஞ்ச ரெண்டு செவப்பு வயரு நிக்குது, எது எங்கோடி போகும்?" என்று கேட்டுக் கேட்டு அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

அவர் போனபின் மனைவி சொன்னாள்: "தெரியாததத் தெரியாதுண்ணு சொல்லிட்டுச் செய்யான். ஒரு நம்பிக்கையா இருக்கு."

இருபத்தாறு வருடம் அரசாங்க அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். 'எனக்குத் தெரியாது' என்ற வாக்கியத்தை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்றுதான் சொல்வேன். என்னைப் பார்த்தால் நம்பிக்கையாக இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

அவர் குடிப்பார். மறைத்துக் குடிக்கவும் தெரியாது. நண்பகலில் ஆரம்பித்தால் சாயங்காலம் சானல் வாய்க்கால் கரையில் கிடப்பார். கிடந்துகொண்டும் கேட்பார். "அண்ணாச்சி, எனக்கு எழும்ப முடியல்ல. ஒரு கை தருவேளா?" போகிறவர் நிற்பார். இன்னொருவர் சைக்கிளை ஸ்டாண்ட் போடுவார். நாலு பேர் சேர்ந்து தூக்கித் துடைத்து வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைப்பார்கள். திட்டிக்கொண்டேதான் தூக்குவார்கள், ஆனால் தூக்குவார்கள். நான் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். மனைவியைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, கால்மணி நேரம் ஈரத்தரையில் கிடந்து கூரையைப் படித்துவிட்டு நானே எழுந்துவந்தேன். என்னை இதுவரை யாரும் தூக்கியதில்லை.

ஒருநாள் போதையில், ஒரு வீட்டில் வேலையை முடித்துவிட்டதாக நினைத்து, கரண்ட் ஓடுகிற வயரைச் சுவரில் அப்படியே தொங்கவிட்டு வந்துவிட்டார். அந்த வீட்டுக் குழந்தை கையை நீட்டுகிற நேரத்தில் யாரோ பார்த்து இழுத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்றே அவருடைய மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு குலசேகரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த பஸ்ஸில் இவரும் போனார். வேறொருவராக இருந்தால் காலில் விழுந்திருப்பார், அல்லது சண்டை போட்டிருப்பார். இவர் வாசலில் நின்று கேட்டிருக்கிறார்: "எத்தன நாளு தொடாம இருந்தா வருவ? கணக்காச் சொல்லு."

அவள் யோசித்துச் சொன்னாளாம். "நாலு மாசம். அதுக்குள்ள ஒரு சொட்டு உள்ள போனாலும் நான் வரமாட்டேன். மகளும் வரமாட்டா."

இந்த உரையாடலை எனக்கு அவரே சொன்னார். டீக்கடையில் வைத்து, எல்லாருக்குமாகச் சேர்த்துச் சொன்னார். உடனே ஆலோசனைகள் குவிந்தன. மாலை போடு என்றார் ஒருவர். கோயிலில் கயிறு கட்டு என்றார் இன்னொருவர். மனசு வைத்தால் போதும் என்றேன் நான். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கம்பீரமாக இருந்தது.

"மனசு வச்சுத்தான் அண்ணாச்சி இத்தன வருசமாக் குடிச்சேன்" என்றார் அவர். "வேற ஏதாவது இருக்காண்ணு டாக்டர்ட்டக் கேப்போம்."

கேட்டார். ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும்போதே முன்னால் நின்ற ஆளிடம், "குடிய நிறுத்த மாத்திர தருகது இந்த ரூம்தானா?" என்று கேட்டதாகவும், அந்த ஆள் "எனக்கும் அதுக்குத்தான்" என்று மெதுவாகச் சொன்னதாகவும் சொன்னார். பத்து நாள் உள்ளே படுக்கவைத்தார்கள். கைநடுக்கம் நின்றபிறகு ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அதைத் தின்றுவிட்டுச் சாராயம் உள்ளே போனால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு கிடந்து அடிக்கும், உயிருக்கே கேடு வரலாம். எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் கொடுத்தார்கள். இருமல் மருந்து, டானிக் எதையும் கேட்காமல் குடிக்கக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். ஒரு நிபந்தனையும் இருந்தது. மாத்திரையை அவர் கையில் வைத்துக்கொள்ளக்கூடாது. வேறு ஒருவர் தினமும் காலையில் எடுத்துக்கொடுத்து, விழுங்குவதைப் பார்க்கவேண்டும்.

வீட்டில் ஆள் இல்லையே. அட்டையோடு என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, இத நீங்க வச்சுக்கிடணும். நம்ம தெருவுல ஒரு பீடி வாசன கூட இல்லாத ஆளு நீங்கதான். உங்க கட்டுப்பாடு எனக்குக் கெடயாது. உங்க கையால வாங்குனா ஒரு இது இருக்கும்."

வாங்கிக்கொண்டேன். மரியாதையை மறுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

இந்த இடத்தில் என் கட்டுப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் குடித்ததே இல்லை. பிராந்தி, விஸ்கி, கள், எதையும் தொட்டதில்லை. எனக்கு இருந்தது வாயுத் தொல்லை. அதற்கு அரிஷ்டம் குடித்தேன். எங்கள் மாவட்டத்தில் அரிஷ்டத்தை யாரும் குடி என்று சொல்லமாட்டார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள், பசியில்லாத கிழவருக்குக் கொடுப்பார்கள். வைத்தியசாலையில் தலை நிமிர்ந்து போய் வாங்கலாம், பையில் பாட்டில் கிணுகிணுத்தாலும் எதிரே வருகிறவர் "உடம்புக்கு என்ன?" என்று அனுதாபமாகத்தான் விசாரிப்பார். நான் மூன்று வைத்தியசாலைகளில் வாங்கினேன். நாகர்கோவில் வைத்தியர் எனக்கு வாயு என்று நம்பினார். தக்கலைக்காரர் இடுப்பு வலி என்று நம்பினார். மூன்றாமவர் ஒன்றும் கேட்காமல் எடுத்துத் தந்துவிடுவார், அவரைத்தான் எனக்குப் பிடிக்காது. இரண்டு அவுன்ஸில் ஆரம்பித்தது பிறகு அவுன்ஸில் அளக்க முடியாததாகிவிட்டது. பாட்டில்களை அலமாரியில் கலைக்களஞ்சியத் தொகுதிகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அறிவைத் தேடி அவ்வளவு தூரம் யாரும் கையை விடுவதில்லை. குளியலறையில் வழுக்கியதற்குத் தரை ஈரம் மட்டும் காரணமில்லை.

தினமும் காலை ஏழு மணிக்கு வருவார். குளித்து, திருநீறு பூசி, கோயில் நடைக்கு வருகிறவரைப்போல வந்து வலதுகையை நீட்டுவார். நான் மாத்திரையை வைப்பேன். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவார்.

"காட்ட வேண்டாம்பா, நம்புகேன்."

"நம்பாதீங்கோ அண்ணாச்சி. என்னைய எனக்கே நம்பிக்கை கெடயாது. பாத்துருங்கோ."

பார்ப்பேன். முதல் மாதத்தில் அவருடைய கண் வெளுத்தது. இரண்டாம் மாதத்தில் கன்னம் விழுந்திருந்த இடத்தில் சதை வந்தது. வேலைக்குக் கூப்பிட ஆள் வந்தார்கள். என் மனைவி காலையில் அவருக்கென்று இரண்டு தோசை அதிகமாக ஊற்ற ஆரம்பித்தாள். "பாவம், தனியாக் கெடக்கான். எவ்வளவு வைராக்கியமா இருக்கான் பாருங்கோ" என்றாள். அவருக்குத் தேங்காய்த் துவையல், எனக்கு மிளகாய்ப்பொடி. மாத்திரை கொடுப்பவனைப்பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் தோசையைத் தின்றுகொண்டே கேட்டார்: "அண்ணாச்சி, உங்களுக்கு ஒறக்கம் வருதா?"

"ஏன்?"

"கண்ணு ஒரு மாதிரி இருக்கு. எனக்கு முந்தி இருந்தது போல."

"ராத்திரி படிப்பேன்" என்றேன்.

பேச்சை மாற்றுவதற்காக, மாத்திரை தின்றதும் ஆசை போய்விடுகிறதா என்று விசாரித்தேன். அவர் தோசையை வைத்துவிட்டார்.

"ஆசைய அது ஒண்ணும் செய்யாது. சாயங்காலம் ஆறு மணிக்கு நாக்கு அப்பிடியே ஊறும். ஆனா ஒண்ணு. முந்தி நாளு முழுக்க எனக்கும் எனக்கும் வழக்காக்கும். இப்பக் குடிக்கவா, கொஞ்சம் கழிஞ்சு குடிக்கவா, இண்ணைக்கு மட்டும் குடிக்கவா. இப்பக் காலைல உங்க கையில வாங்கி முழுங்கும்போ ஒரே ஒரு மட்டம் முடிவு பண்ணுனாப் போரும். அதுக்கப்புறம் அந்த நாளு முழுக்க முடிவு பண்ண வேண்டாம். அது எவ்வளவு சொகம் தெரியுமா அண்ணாச்சி?"

எனக்குத் தெரியாது. நான் அப்போது நாளொன்றுக்கு நாற்பது முறை முடிவு செய்துகொண்டிருந்தேன். நாலு மணிக்கு வேண்டாம், ஐந்துக்கு ஒரு மூடி மட்டும், ஐந்தேகாலுக்கு வாயு அதிகமாக இருக்கிறது, ஆறுக்கு நாளையிலிருந்து. என் கையால் எடுத்துக்கொடுக்கிற ஒரு சின்ன வெள்ளை வில்லை, என் கண் முன்னால் இன்னொருவருக்கு ஒரு முழு நாளைக் கொடுத்துக்கொண்டிருந்தது. கடுகை எண்ணெயில் போட்டதுபோல் பொரிந்தேன். தின்ன முடியாத ஒன்றைப் பரிமாறிக்கொண்டிருக்கிற சமையல்காரனின் நிலை. கேட்டிருந்தால் எனக்கும் கிடைத்திருக்கும். அந்த வரிசையில் போய் நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாலாவது மாதம் முடிய ஒருநாள் இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் வருவதாக முடிவாகியிருந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார். மகளின் மேஜைக்கு மேலே ஒரு புது விளக்கு மாட்டி, என்னைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். அன்று மதியம் உறவினர் ஒருவரின் புதுவீட்டுப் பால்காய்ப்பு. இரண்டு பேரும் போயிருந்தோம். பக்கத்து இலையில் உட்கார்ந்து அவர் மூன்று முறை பலாப்பழப் பாயசம், எங்கள் ஊர்ச் சக்கப் பிரதமன், கேட்டு வாங்கினார். பரிமாறுகிறவர்கள் சிரித்துக்கொண்டே ஊற்றினார்கள். "நாளைக்குப் பெஞ்சாதி வாறா, ஊத்துங்கோ" என்று இலை இலையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பந்தியே அவருக்காகச் சந்தோஷப்பட்டது.

மூன்று மணிக்கு என் வீட்டு வராந்தாவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, வயிறு கல்லு மாதிரி நிக்குது. வாயுவுக்கு ஏதாவது இருக்கா?"

நான் உள்ளே போனேன். கலைக்களஞ்சியத்தை நகர்த்தினேன். இரண்டு அவுன்ஸ் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

"என்னது?"

"அரிஷ்டம். மருந்துதான்."

குடித்தார். "இனிப்பா நல்லா இருக்கே" என்றார். இன்னும் இரண்டு அவுன்ஸ் கொடுத்தேன்.

கால்மணி நேரம் ஆகவில்லை. கழுத்திலிருந்து சிவப்பு ஏறி முகம் முழுக்கப் பரவியது. சட்டைப் பொத்தானைப் பிய்த்தார். "அண்ணாச்சி, நெஞ்சு" என்றார். வராந்தா முழுக்க வாந்தி. கையைப் பிடித்தேன், நாடி எலிபோல ஓடியது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம், "நான் ஒண்ணும் குடிக்கல்லியே, நான் ஒண்ணும் குடிக்கல்லியே" என்று என் தோளில் சாய்ந்து முனகினார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து உச்சுக்கொட்டினார். "நாலு மாசம் இருந்தான், கடைசி நாளு வழுக்கிட்டானே சவம்."

டாக்டர் தருமபுரிப் பக்கத்து இளைஞர். அவர்தான் மாத்திரை எழுதியவர். ஊசி, குளுக்கோஸ், ஆக்சிஜன் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு என்னிடம் வந்தார்.

"என்ன குடிச்சாரு?"

"அரிஷ்டம்."

"அப்படின்னா?"

நான் விளக்கினேன். மூலிகைக் கஷாயத்தில் வெல்லம் சேர்த்துப் பானையில் மூடிவைத்துப் புளிக்கவைப்பது.

"புளிக்கவைக்கிறதா? அதுல ஆல்கஹால் இருக்குமே?"

"கொஞ்சம் இருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாட்டிலில் போட்டிருக்கும். அடியில், சின்ன எழுத்தில்."

"படிச்சிருக்கீங்களா?"

"படிக்கிற பழக்கம் உண்டு" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று இரவு முழுக்க நாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விடிந்தபோது அடங்கிவிட்டது. எனக்குத்தான் அடங்கவில்லை. ஊர் பேசிவிட்டது, ஆட்டோக்காரர் நல்ல மனிதர், ஆனால் வாய் உள்ளவர். காலை ஒன்பது மணிக்கு அவருடைய மனைவி அண்ணனோடு வார்டுக்குள் வந்தாள். மகளைக் கூட்டி வரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். பையைக் கீழே வைக்கவில்லை.

"ஒரு சொட்டுண்ணு சொன்னனா இல்லியா?"

"சொன்ன" என்றார் அவர். குரல் பஞ்சாக இருந்தது. "உள்ள போயிட்டு. அரிஷ்டமாக்கும். வாயுவுக்குண்ணு நான்தான் கேட்டு வாங்குனேன்."

"குடிகாரன் அரிஷ்டம் குடிச்சா அது மருந்தா வேய்?" என்றான் அண்ணன். "யாருட்ட வாங்குனீரு? எவன் குடுத்தான்?"

அவர் குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவும் இல்லை. எல்லாவற்றையும் எல்லாரிடமும் கேட்கிற மனிதர், 'ஏன் குடுத்தேள்?' என்ற ஒன்றை மட்டும் என்னிடம் கேட்கவில்லை. நான் சுவரோரம் மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் பையைத் தோளில் சரிசெய்தாள். திரும்பினாள். குலசேகரம் பஸ்ஸுக்கு அவள் போய்விடுவாள், நாலு மாதமும் போய்விடும், என் அலமாரி மட்டும் அப்படியே இருக்கும். வார்டுக் கதவு வரைக்கும் போய்விட்டாள்.

"நான் குடுத்தேன்" என்றேன்.

நின்றாள்.

"அவன் வயித்துக்கு மருந்துதான் கேட்டான். குடுத்தது நான். அது என் வீட்டில் இருந்தது. தினமும் இருக்கும். நான் தினமும் குடிப்பேன். நிறையக் குடிப்பேன்." வார்டில் ஆறேழு கட்டில்கள் இருந்தன. எல்லாத் தலைகளும் திரும்பின.

அவள் என் அருகே வந்தாள். "அதுல இது உண்டுண்ணு தெரிஞ்சா குடுத்தீங்கோ?"

பரிசீலனையில் உள்ளது என்று சொல்ல முடியாத கேள்வி. அந்தப் பாட்டிலின் லேபிளை நான் மனப்பாடமாகச் சொல்வேன். ஊற்றும்போது அது என் நினைவில் வந்ததா? வந்து, நான் அதைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேனா? இன்றுவரைக்கும் எனக்கு நிச்சயமில்லை. நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். அவரிடம் நான் இரண்டாவது முறை கிளாஸை நீட்டியபோது, பந்தியில் எல்லாரும் அவருக்காகச் சந்தோஷப்பட்டது எனக்கு ஞாபகம் வந்தது.

"முழுக்கத் தெரியாமல் கொடுக்கவில்லை" என்றேன். "அவன்மேல் எனக்குப் பொறாமை."

அண்ணன் ஒரு கெட்டவார்த்தை சொல்லி முன்னால் வந்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள். பிறகு அதே கையை என்னிடம் நீட்டினாள். எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "இனி நான் குடுத்துக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் பையைக் கட்டிலடியில் வைத்தாள்.

கட்டிலில் கிடந்தவர் அழுதார். அதையும் மறைக்கவில்லை.

டாக்டர் சுற்றுக்கு வந்தார். நாடி பார்த்தார். எல்லாம் சரியாகிக்கொண்டு வருவதாகவும், மாத்திரையை எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்று தானே சொல்வதாகவும் சொல்லி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தவரை, இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"டாக்டரே, எனக்க அண்ணாச்சிக்கும் ஏதாவது உண்டா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். தரையில் ஒரு கறை இருந்தது, நான் அதை ஆராய்ந்தேன்.

"உண்டு" என்றார் டாக்டர். "இதேதான்னு இல்ல, பல மாத்திரை இருக்கு. முதல்ல ரத்தம் பார்க்கணும், ஈரல் பார்க்கணும். நீங்க பாட்டுக்குத் திடீர்னு நிறுத்திடாதீங்க, நாளைக்கு ஓ.பி.க்கு வாங்க. உங்களுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்க வீட்டுல யாரு இருக்கா?"

மனைவி இருக்கிறாள் என்று சொல்லலாம். ஆனால் மனைவியிடம் முதலில் அலமாரியைக் காட்டவேண்டும். நான் அந்த வாக்கியத்தை மனதுக்குள் எழுதி அடித்து எழுதிக்கொண்டிருக்கும்போதே, கட்டிலிலிருந்து ஒரு கை உயர்ந்தது. குளுக்கோஸ் ஊசிக்குப் பிளாஸ்திரி ஒட்டிய கை.

"நான் குடுக்கேன்" என்றார்.

அவருடைய மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் கையை இறக்கவில்லை. அவரைக் கொல்லப் பார்த்தவனுக்கு அவர் மாத்திரை எடுத்துக்கொடுப்பாராம். இந்த மனிதர் எனக்கு மிச்சம் விட்டுவைத்த பெருமை என்று எதுவுமே இல்லையா என்று ஆத்திரமாக வந்தது. இதுகூட அவருக்குத்தானா?

ஏதாவது சொல்லவேண்டும். நான்கு மாதமாக அந்த மாத்திரையை என் கையால் கொடுத்தவன், எனக்குத் தெரியாததா? ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு அவரிடம் கேட்டேன்.

"சாப்பாட்டுக்கு முந்தியாப்பா, பிந்தியா?"

"எனக்கும் சரியாத் தெரியாது" என்றார். "உங்களுக்கு வேற மாத்திரையா இருந்தா? கேட்டுருவோம்." தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, மூன்று கட்டில் தாண்டிப் போய்விட்ட டாக்டரைப் பார்த்து, வார்டே திரும்பும்படி கூப்பிட்டார்:

"டாக்டரே! அண்ணாச்சி ஒரு சந்தேகம் கேக்காரு!"